ராணி வந்தால் பொய் சொல்வேன்

தமிழில் ‘சூது’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, பணம் வைத்து ஆடும் ஆட்டம். இன்னொன்று, வஞ்சனை. ‘சூதுவாது தெரியாத பிள்ளை’ என்று வீட்டில் சொன்னால், பிள்ளைக்குச் சீட்டாடத் தெரியாது என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. ஏமாற்றத் தெரியாது என்றுதான் புரிந்துகொள்கிறோம். ஆட்டத்தையும் ஏமாற்றையும் மொழி ஒரே சொல்லில் கட்டி வைத்துவிட்டது. திருக்குறளின் 94ஆவது அதிகாரத்துக்கு இதுதான் தலைப்பு. சூதில் கிடைக்கும் வெற்றியையே தூண்டில் இரையாகப் பார்க்கிற அதிகாரம் அது. பாரதக் கதையில் தருமன் நாட்டையும் தம்பிகளையும் மனைவியையும் இழப்பதும் சூதில்தான்.

ஆனால் அந்தப் பகடை ஆட்டத்தில் ஆடுபவர் மறைத்து வைக்க எதுவுமில்லை. காய் உருண்டு நின்றதும் சபை முழுக்கப் பார்க்கிறது. சகுனியின் வஞ்சனை காயில் இருக்கலாம், கையில் இருக்கலாம். ஆனால் அவன் தருமனிடம் ஒரு கதையைச் சொல்லி நம்பவைக்க வேண்டிய தேவை இல்லை. போக்கரில் வஞ்சனை வேறு மாதிரி. அங்கே காய் சுத்தம், சீட்டு சுத்தம். பொய் சொல்வது ஆடுபவரின் செயல், அதை விதியே அனுமதிக்கிறது, எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும். ‘ப்ளஃப்’ என்பது இப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட பொய். நம் ‘சூது’ என்ற சொல்லுக்குள் இது சரியாக உட்காரவில்லை.

இந்த ஒப்புக்கொண்ட பொய்யைப் பற்றி என்னை அதிகம் யோசிக்க வைத்த புத்தகம் டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘தி தியரி ஆஃப் போக்கர்’ (1987). ஸ்க்லான்ஸ்கி காப்பீட்டுக் கணக்குத் துறையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு லாஸ் வேகாஸ் மேசைகளுக்குப் போனவர். இலக்கிய இதழில் சீட்டுப் புத்தகத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பொய் சொல்லக் காரணம் உள்ள ஒருவர் சொல்லும் கதையை எப்படி வாசிப்பது? புனைவு வாசகர்கள் நாம் தினமும் செய்யும் வேலை இதுதான். ஸ்க்லான்ஸ்கி அதைக் கணக்காகச் செய்கிறார். அவர் எங்கே சரி, எங்கே போதவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு அவருடைய புத்தகத்தில் லோபால் என்ற ஆட்டம் வரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

லோபால் என்பது தலைகீழ் போக்கர். மிகத் தாழ்ந்த கை ஜெயிக்கும். ஆளுக்கு ஐந்து சீட்டு, யாருக்கும் தெரியாமல் கவிழ்த்துக் கொடுக்கப்படும். ஒரு சுற்றுப் பந்தயம். பிறகு வேண்டாத சீட்டுகளைப் போட்டுவிட்டு அதே எண்ணிக்கையில் புதியவற்றை எடுக்கலாம். ஒன்றையும் மாற்றாமல் அப்படியே நிற்கவும் செய்யலாம். மறுபடி ஒரு சுற்றுப் பந்தயம். அப்புறம் சீட்டைத் திறப்பது. ஜோடி சேர்ந்தால் கெடுதல், ராஜா ராணி வந்தால் கெடுதல். இதில் இரண்டு வட்டார வழக்குகள் உண்டு. கலிஃபோர்னியா வழக்கில் ஏஸ் மிகச் சிறியது. வரிசையாக வந்தாலும் ஒரே இனமாக வந்தாலும் குற்றமில்லை. A-2-3-4-5 தான் தலைசிறந்த கை. கான்சஸ் சிட்டி வழக்கில் ஏஸ் பெரியது. வரிசையும் ஒரே இனமும் கையைக் கெடுக்கும். அதனால் 2-3-4-5-7 தான் சிறந்தது.

இந்த ஆட்டம் வளர்ந்த ஊர் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே இருக்கும் கார்டினா. வளர்ந்ததற்கு ஒரு சட்டச் சந்து காரணம். 1885இல் கலிஃபோர்னியா தடை செய்த ஆட்டங்களின் பட்டியலில் ‘ஸ்டட்-ஹார்ஸ் போக்கர்’ என்ற பெயர் சேர்க்கப்பட்டது. சீட்டை மாற்றி எடுக்கும் ‘டிரா’ போக்கரின் பெயர் அதில் இல்லை. பட்டியலில் இல்லாததால் அதை அனுமதிப்பதா வேண்டாமா என்பது அந்தந்த ஊரின் முடிவானது. 1936 முதல் கார்டினாவில் சீட்டுக் கிளப்புகள் வந்தன. 1980களின் பிற்பகுதியில் மற்ற வகைப் போக்கருக்கு வழி திறக்கும்வரை அங்கே சட்டப்படி ஆடியது டிராவும் லோபாலும்தான். கிளப்புகள் ஜெயித்த பணத்தில் பங்கு எடுக்கவில்லை; அரை மணிக்கு இவ்வளவு என்று நாற்காலிக்கு வாடகை வாங்கின.

இந்த வாடகை ஒரு முக்கியமான விஷயம். நல்ல சீட்டு வரும்வரை பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், வந்ததும் பந்தயம் கட்டலாம் என்று நினைக்கிறவரை வாடகை மெதுவாகத் தின்றுவிடும். போதாததற்கு அவர் பந்தயம் கட்டிய உடனே மற்றவர்கள் எழுந்து தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். உண்மையைத் தவிர வேறெதுவும் பேசாதவருக்கு அந்த மேசையில் பிழைப்பில்லை. பொய்யையே பேசுகிறவருக்கும் இல்லை. அப்போ எவ்வளவு பொய் சொல்லலாம்? லோபாலில் பந்தய உத்தி என்பது கடைசியில் இந்தக் கேள்விதான்.

சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த பதில் வேறு. பொய் முகத்தில் இருக்கிறது என்று சினிமா சொல்கிறது. 1998இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ படத்தில் எதிராளி பிஸ்கட்டைக் கையாளும் விதத்தை வைத்து அவன் கையைக் கண்டுபிடிக்கிறான் நாயகன். 2006இன் ‘கேசினோ ராயல்’ படத்தில் வில்லன் மறைக்கப் பார்க்கும் ஒரு துடிப்புதான் அவனுடைய அறிகுறி என்று நம்மை நம்ப வைக்கிறார்கள். ‘தி சின்சினாட்டி கிட்’ (1965) இன்னும் மோசம்: கடைசி ஆட்டத்தில் ஒரு மிகப் பெரிய கையை அதைவிடப் பெரிய கை வெல்கிறது. இருவரிடமும் இவ்வளவு பெரிய கை ஒரே நேரத்தில் வருவது அதிர்ஷ்டம். அங்கே யாரும் யாரையும் வாசிக்கவில்லை. அதை உச்சக்கட்டம் என்று ரசிக்கிறோம்.

லோபாலில் முகத்தை மறைத்துக்கொண்டு ஆடினாலும் ஆட்டம் நடக்கும். ஏனென்றால் அங்கே வாசிக்க வேண்டியது முகத்தை அல்ல, மூன்று வாக்கியங்களை. முதல் வாக்கியம்: சீட்டு மாற்றுவதற்கு முன் கட்டிய பந்தயம். இரண்டாவது: எத்தனை சீட்டு மாற்றினார். மூன்றாவது: மாற்றிய பிறகு கட்டிய பந்தயம். ஒவ்வொருவரும் இந்த மூன்று வாக்கியத்தில் ஒரு சிறுகதை சொல்கிறார்கள். ‘நல்ல கை வந்தது, பணம் போட்டேன், மாற்றத் தேவையில்லை, மறுபடி பணம் போடுகிறேன்’ என்பது ஒரு கதை. ‘தயங்கினேன், மூன்று சீட்டு மாற்றினேன், திடீரென்று எல்லாப் பணத்தையும் தள்ளுகிறேன்’ என்பதும் கதைதான். ஆனால் யாரும் நம்பாத கதை. மூன்றாவது வாக்கியம் முதல் இரண்டிலிருந்து பிறக்கவில்லை.

நம் ஊர்ச் சிறுகதைப் போட்டிகளுக்கு எழுதப்படும் கதைகளில் நான் படித்த பலவற்றில் இதே கோளாறு உண்டு. கடைசிப் பத்தியில் ஒரு ‘எதிர்பாராத திருப்பம்’. அந்த அம்மா உண்மையில் செத்துப்போனவள், அந்த நண்பன் உண்மையில் கற்பனை. வாசகன் அதிர்ச்சி அடைய வேண்டும் என்று ஆசிரியர் கடைசியில் எல்லாப் பணத்தையும் மேசையில் தள்ளுகிறார். ஆனால் கதையின் நடுவில் அவர் மூன்று சீட்டு மாற்றியதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்! நல்ல திருப்பத்தை முதல் வரியிலேயே எழுதத் தொடங்க வேண்டும். லோபால் ஆட்டக்காரர்களுக்கு இது தெரியும். தெரியாதவருக்குப் பணம் போகும்.

இந்த ஆட்டத்தில் ‘ஸ்னோ’ என்று ஒரு உத்தி இருக்கிறது. கையில் குப்பை இருக்கும்போதே ஒரு சீட்டும் மாற்றாமல், முழுமையான கை வைத்திருப்பவரைப் போல நிற்பது. கேட்டால் சும்மா துணிச்சல் மாதிரி தெரியும். ஆனால் எந்தக் குப்பையை வைத்துக்கொண்டு நிற்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கான்சஸ் சிட்டி வழக்கில் என்னிடம் மூன்று 2, இரண்டு 7 வந்திருக்கிறது என்று வையுங்கள். சாதாரணப் போக்கரில் இது ஃபுல் ஹவுஸ், கொண்டாட்டம். இங்கே தண்டம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்த வழக்கில் 7ஐ உச்சமாகக் கொண்ட எந்த நல்ல கையிலும் 2 இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் 2 இல்லாவிட்டால் அது 3-4-5-6-7 என்ற வரிசையாகிக் கெட்டுவிடும். 8ஐ உச்சமாகக் கொண்ட 14 வகைக் கைகளில் 10 வகையில் 2 இருக்கிறது. அந்த 2களில் மூன்று என் கையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. அதாவது என்னிடம் நல்ல கை இல்லை. ஆனால் எதிராளியிடமும் இருக்க வாய்ப்பு குறைவு என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் சொல்லப்போகும் பொய்க்கு அடியில் ஒரு உண்மை கிடக்கிறது. ஆதாரமில்லாமல் சொல்லும் பொய்யையும் இதையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

இனி ஸ்க்லான்ஸ்கிக்கு வருவோம். அவருடைய புத்தகத்தின் புகழ்பெற்ற கருத்து, அவரே ‘போக்கரின் அடிப்படைத் தேற்றம்’ என்று பெயர் வைத்தது. சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: எல்லோருடைய சீட்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் எப்படி ஆடியிருப்பீர்களோ, அதிலிருந்து விலகி ஆடும் ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு லாபம், எதிராளி அப்படி விலகினால் உங்களுக்கு லாபம். அழகான கருத்து. ஆனால் இலக்கிய வாசகனாக இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழைய ஆள் ஞாபகம் வருகிறது: எல்லாம் அறிந்த கதைசொல்லி. எல்லாப் பாத்திரங்களின் மனத்திலும் புகுந்து வரக்கூடியவர். தேற்றம் அந்த இடத்தை இலட்சியமாக வைத்து, நம்மை அங்கிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறோம் என்று அளக்கச் சொல்கிறது. மறைவு என்பது ஒரு குறை, அதை நீக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

அதே புத்தகத்தில் ஆட்டக் கோட்பாடும் ப்ளஃபும் பற்றிய அத்தியாயம் ஒன்று உண்டு. அங்கே அவர் உதாரணத்துக்கு எடுப்பது லோபால். அந்த அத்தியாயம் இந்தத் தேற்றத்துக்கு எதிர்த் திசையில் போகிறது என்பது என் வாசிப்பு. அவருடைய எண்களை விட்டுவிட்டு என் எண்களில் சொல்கிறேன்.

கலிஃபோர்னியா வழக்கு, ஜோக்கர் இல்லை. என் கையில் A-2-3-6, கூடவே ஒரு ராஜா. ராஜாவைப் போட்டுவிட்டு ஒரு சீட்டு எடுக்கிறேன். எதிராளி ஒன்றும் மாற்றாமல் நிற்கிறார். அவரிடம் 8ஐ உச்சமாகக் கொண்ட கை இருப்பதாகவும், எனக்கு 8 வந்தாலும் அவருடையதே மேல் என்றும் வைத்துக்கொள்வோம். மேசை நடுவில் 200 வெள்ளி. பந்தயம் 100 வெள்ளி. அவர் முதலில் பேச வேண்டும், கட்டாமல் விடுகிறார். இப்போது என் முறை.

நான் பார்க்காத சீட்டு 47. அவற்றில் 4, 5, 7 ஆகியவை வந்தால் எனக்கு ஜெயம். மொத்தம் 12 சீட்டு. 47 சீட்டும் ஒவ்வொரு முறை வருவதாகக் கணக்கிடுவோம். நான் சத்தியவான், ஜெயிக்கும் சீட்டு வந்தால் மட்டுமே கட்டுவேன் என்றால், எதிராளி இதைத் தெரிந்துகொண்டு நான் கட்டும்போதெல்லாம் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். 12 முறை 200 வெள்ளி, 2,400. சரி, வாய்க்கு வந்ததெல்லாம் பொய் என்று ராஜா, ராணி, ஜாக்கி எது வந்தாலும் கட்டுகிறேன் என்றால் பொய் 11 சீட்டு ஆகிவிடும். இப்போது எதிராளி ஒவ்வொரு முறையும் பணம் கட்டிப் பார்ப்பார். 12 முறை 300 வெள்ளி வருகிறது, 11 முறை 100 வெள்ளி போகிறது; மிச்சம் 2,500. அரிச்சந்திரனுக்கும் அண்டப் புளுகனுக்கும் வித்தியாசம் வெறும் 100 வெள்ளி.

மூன்றாவது வழி: நாலு ராணிகளில் ஒன்று வந்தால் மட்டும் பொய் சொல்வேன் என்று முடிவெடுக்கிறேன். இப்போது நான் 16 சீட்டுக்குக் கட்டுவேன். 12 உண்மை, 4 பொய். எதிராளி எப்போதும் கவிழ்த்தால் எனக்கு 16 முறை 200 வெள்ளி, 3,200. எப்போதும் கட்டிப் பார்த்தால் 12 முறை 300, அதில் 4 முறை 100 கழித்தால் அதே 3,200. அவர் எதைச் செய்தாலும் எனக்கு ஒன்றுதான். ராணி கணக்கை நான் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் ஒன்றுதான். வந்த சீட்டு ராணியா என்பது அவருக்குத் தெரியாதே.

இதை என் வீட்டு நண்பனிடம் விளக்கினேன். எங்கள் மேசையில் பணம் கிடையாது. தோற்றவர் மாமாக் கடையில் எல்லோருக்கும் தே தாரே வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். “அப்போ நீ பொய் சொல்றத நீ முடிவு பண்ணல, சீட்டு முடிவு பண்ணுது,” என்றான். “ஆமா.” “அப்புறம் எதுக்குடா என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருக்க?” நியாயமான கேள்வி. ஸ்க்லான்ஸ்கியின் அத்தியாயத்தின் மீது வைக்க வேண்டிய விமர்சனமும் அதுதான்.

ஜான் வான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் எழுதிய ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்குத் தனி இடம் உண்டு. ப்ளஃபுக்கு இரண்டு நோக்கம் என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்: பலவீனமாக இருக்கும்போது பலசாலியாகத் தோன்றுவது ஒன்று, பலசாலியாக இருக்கும்போது பலவீனமாக இருக்கலாமோ என்ற சந்தேகத்தை விதைப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என் நாலு ராணிப் பொய்கள் மாட்டிக்கொண்டாலும் வீண் இல்லை; அவை இருப்பதால்தான் என் பன்னிரண்டு உண்மைகளுக்குப் பணம் கிடைக்கிறது. பொய் உண்மைக்கு விலை ஏற்றுகிறது. உண்மை பொய்க்கு மறைவிடம் தருகிறது. ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது. பொய்யின் அளவைத் தைரியம் தீர்மானிப்பதில்லை. பந்தயத்துக்கும் நடுவில் இருக்கும் பணத்துக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. இங்கே நாலில் ஒன்று. நடுவில் உள்ள பணத்தின் அளவுக்கே பந்தயம் கட்டினால் மூன்றில் ஒன்றாகும்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எத்தனை பெட்டிக்கு ஒரு பெட்டியைத் திறந்து பார்ப்பது என்பது எங்கள் அன்றாடக் கேள்வி. எல்லாவற்றையும் திறந்தால் வேலை நின்றுவிடும். ஒன்றையும் திறக்காவிட்டால் குப்பை வந்து சேரும். ஒவ்வொரு பத்தாவது பெட்டி என்று முறை வைத்தால் ஒன்பதாவதில் குப்பையை வைக்கக் கற்றுக்கொள்வார்கள். அதனால் விகிதத்தை முடிவு செய்துவிட்டு, எந்தப் பெட்டி என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடுகிறோம். ஸ்க்லான்ஸ்கியின் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு அது புதிதாக இல்லை. நம் மனத்தை நாமே நம்பாமல் இருப்பது எப்படி என்பதைச் சொல்லும் பக்கங்கள் அவை.

ஆக, ஒரே புத்தகத்துக்குள் இரண்டு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். தேற்றத்தின் ஆள் எதிராளியின் சீட்டைப் பார்க்கத் துடிக்கிறார். கோட்பாட்டின் ஆள் தன்னை யார் வாசித்தாலும் கவலையில்லை என்று சீட்டின் பின்னால் ஒளிந்துகொள்கிறார். முதலாமவருக்கு எதிராளி எப்போதும் தேவை. இரண்டாமவருக்கு எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான். அந்த நாற்காலியில் ஆள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிராளி உங்களைவிடத் திறமைசாலி என்றால் கணக்கின் பின்னால் ஒதுங்கு, திறமை குறைந்தவர் என்றால் உன் கணிப்பை நம்பு என்ற போக்கில்தான் ஸ்க்லான்ஸ்கி இவர்களைச் சமாதானப்படுத்துகிறார். நடைமுறைக்கு இது போதும். ஆனால் எதிரில் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று நமக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவர் சொன்ன கதைகளை வரிசையாக வாசித்திருக்க வேண்டும். அந்த வாசிப்பைப் பற்றித்தான் புத்தகம் மிகக் குறைவாகப் பேசுகிறது.

உதாரணத்துக்கு, எதைக் கட்டினாலும் பணம் போட்டுப் பார்த்துவிடுகிற ஒருவர் எல்லா மேசையிலும் இருப்பார். அவரிடம் ராணிக் கணக்கு நஷ்டமில்லை, ஆனால் வீண். ஒரு பொய்யும் சொல்லாமல் 12 சீட்டுக்கு மட்டும் கட்டினால் அவரிடம் 3,600 வெள்ளி வரும். கதை கேட்காதவரிடம் கதை சொல்லக் கூடாது. ப்ளஃபுக்கு வாசகர் தேவை. அதுவும் நல்ல வாசகர். நான் எத்தனை சீட்டு மாற்றினேன் என்று கவனித்தவரை மட்டும்தான் நான் ஏமாற்ற முடியும். கவனக்குறைவானவரை யாராலும் ஏமாற்ற முடியாது என்பது விநோதமாக இருக்கிறது, ஆனால் லோபால் மேசையில் அது உண்மை.

கார்டினாவின் ஆட்டக்காரர்களுக்கு இது எழுத்து வடிவில் இல்லாமலே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். கலிஃபோர்னியாவின் வரம்புப் பந்தய லோபாலில் ஒரு விசித்திர விதி வழக்கத்தில் இருந்தது. சீட்டு மாற்றிய பிறகு 7 அல்லது அதைவிட நல்ல கை உங்களிடம் இருந்தால் நீங்கள் கட்டியாக வேண்டும். கட்டாமல் பதுங்கினால், உங்கள் கையே சிறந்ததாக இருந்தாலும் அதற்குப் பிறகு விழும் பணம் உங்களுக்குக் கிடையாது. யோசித்துப் பாருங்கள். குப்பையை வைத்துக்கொண்டு பலசாலி மாதிரி நடிக்கலாம். பலத்தை வைத்துக்கொண்டு ஏழை மாதிரி முடங்கக் கூடாது. பொய்யை அனுமதித்த சமூகம் பதுங்கலைத் தண்டித்திருக்கிறது. எந்தப் பொய் ஆட்டத்தை நடத்துகிறது, எந்தப் பொய் ஆட்டத்தைக் கொல்கிறது என்று அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒரு அறவியல் ஸ்க்லான்ஸ்கியின் சூத்திரங்களில் இல்லை.

அது வேண்டுமென்றால் டேவிட் ஹயானோவின் ‘போக்கர் ஃபேசஸ்’ (1982) நூலைப் படிக்க வேண்டும். ஹயானோ மானுடவியலாளர், கார்டினா கிளப்புகளில் தானும் ஆடிக்கொண்டே அங்கிருந்தவர்களை ஆராய்ந்தவர். ஆராய்ச்சியாளர் தன் சொந்தக் கூட்டத்தைப் பற்றியே எழுதுவதன் சிக்கல்களைப் பற்றி 1979லேயே கட்டுரை எழுதியவர். ஸ்க்லான்ஸ்கியிடம் எண்ணாக இருக்கும் எதிராளி ஹயானோவிடம் மனிதராக வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்புவதைப் பார்க்கலாம். நடையைப் பொறுத்தவரை ஸ்க்லான்ஸ்கி வறட்சி. டாயல் பிரன்சன் தொகுத்த ‘சூப்பர் சிஸ்டம்’ நூலில் ஜோயி ஹாதோர்ன் லோபாலுக்குத் தனிப் பகுதி எழுதியிருக்கிறார். பல கைகள் சேர்ந்து எழுதிய அந்த நூலில் மேசையின் சத்தம் கேட்கும். ஸ்க்லான்ஸ்கியிடம் கரும்பலகையில் சுண்ணாம்பு உரசும் சத்தம் மட்டும்தான்.

இந்தப் புத்தகம் வீட்டு மேசையில் கிடப்பதைப் பார்த்து அப்பா கேட்டார்: “இதுக்காடா உன்ன யூனிவர்சிட்டிக்கு அனுப்புனேன்?” அவர் வாரா வாரம் நம்பர் எடுப்பவர். கார் எண், கனவில் வந்த எண், கோயில் ரசீது எண் எதையும் விடமாட்டார். அவர் பார்வையில் நம்பர் எடுப்பது அதிர்ஷ்டத்தைக் கேட்டுப் பார்ப்பது, சீட்டாட்டம் சூது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. நம்பர் கடையில் யாரும் எனக்குக் கதை சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. அங்கே வாசிக்க ஒன்றுமில்லை. விகிதம் முன்பே அச்சாகிவிட்டது, அது எனக்கு எதிரானது.

இந்த வேறுபாடு ஒருமுறை நீதிமன்றம்வரை போயிருக்கிறது. பில்லி பேக்ஸ்டர் உலகப் போக்கர் தொடரில் ஏழு முறை பட்டம் வென்றவர், ஏழும் லோபால் வகைகளில். 1978 முதல் 1981 வரை அவர் போக்கரில் வென்ற பணத்தை, அமெரிக்க வரித்துறை உழைக்காமல் வந்த வருமானம் என்று சொல்லி அதிக வரி போட்டது. அப்போது அப்படிப்பட்ட வருமானத்துக்கு உச்ச வரி 70 விழுக்காடு, உழைப்பு வருமானத்துக்கு 50. பேக்ஸ்டர் வழக்குப் போட்டார். 1986இல் நெவாடாவின் மத்திய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: பணத்தைச் சம்பாதித்தது பணம் அல்ல, அவருடைய திறமை. சட்டத்தின் கண்ணில் எதிராளியை வாசிப்பது உழைப்பாகிவிட்டது.

இதனால் சூது நல்லது என்று நான் வாதாடவில்லை. பேக்ஸ்டர் ஒருவர் ஜெயிக்க, நாற்காலி வாடகை கட்டியே தீர்ந்துபோனவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். குறள் சொல்லும் தூண்டில் மேசைக்கு மேசை தொங்கத்தான் செய்கிறது. எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டாலும் மேலே நான் காட்டிய ராணி உத்தியில் 47இல் 31 முறை ஒன்றுமே கிடைக்காது. இதைத் தாங்க முடியாதவர் பணம் வைத்து ஆடக் கூடாது. நான் தே தாரேயோடு நிறுத்திக்கொள்வதற்கும் அதுதான் காரணம்.

நான் சொல்ல வருவது மொழியைப் பற்றி. ‘சூது’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாப் பொய்யையும் ஒரே மாதிரி பார்க்கப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் நம் இலக்கிய விமர்சனத்திலும் உண்டு. கதைசொல்லி எதையாவது மறைத்தால் ‘வாசகனை ஏமாற்றுகிறார்’ என்கிறோம். மறைக்காவிட்டால் ‘பூடகம் இல்லை’ என்கிறோம். லோபால் இன்னும் கறாரான கேள்விகளைக் கேட்கக் கற்றுத்தருகிறது. இந்தப் பொய் எந்த வாக்கியத்தில் தொடங்கியது? அதற்கு அடியில் எந்த உண்மை கிடக்கிறது? இதற்கு முன் இவர் சொன்ன உண்மைகள் எத்தனை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் அது கதை. இல்லாவிட்டால் யாரோ மேசையில் பணத்தைத் தள்ளுகிறார், அவ்வளவுதான்.

‘தி தியரி ஆஃப் போக்கர்’ நூலை முழுக்கப் படிக்க வேண்டாம். அடிப்படைத் தேற்றம் பற்றிய அத்தியாயத்தையும், லோபால் வரும் அந்த ஆட்டக் கோட்பாட்டு அத்தியாயத்தையும் மட்டும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படியுங்கள். கூடவே ஒரு சீட்டுக்கட்டையும் நாலு ராணிகளையும் வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த ஒரு சிறுகதையை எடுத்து, அதன் ஆசிரியர் எந்த இடத்தில் எத்தனை சீட்டு மாற்றினார் என்று எண்ணத் தொடங்கலாம்.